வூஃபர் மேல் விழும் பழி

தங்கவயலின் ஸ்கெலட்டனில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கார் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும். "டிக்கியில பொட்டி வெச்சிருக்கான் இல்ல, அதுதான் பேட்டரியக் குடிக்குது." ஜம்பர் கேபிளோடு வருகிறவர் இதைச் சொல்வார். பேட்டரிக் கடைக்காரர் சொல்வார். சர்வீஸ் சென்டரில் டை கட்டியவர் இதையே கொஞ்சம் நாகரிகமாக, "வெளியில செட் போட்டிருக்கீங்க சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். பரிகாரங்களும் தயாராக இருக்கும். செட்டைக் கழற்று என்பது முதலாவது. மனசு வரவில்லையென்றால் பெரிய பேட்டரி போடு. இன்னும் காசு இருந்தால் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்துப் போடு.

தீர்ப்பும் தவறு, பரிகாரங்களும் தவறு என்பது என் கட்சி. பேட்டரி இறங்கிய காரில் பெரிய செட் இருந்தது என்பது செட்டைச் சந்தேகிக்கக் காரணமாகலாம். தண்டனை கொடுக்க அது போதாது.

இந்த வசனம் தங்கவயலுக்கு மட்டும் சொந்தமில்லை, சென்னையிலும் கோவையிலும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே கேட்கும்போது கூடுதலாக உறுத்துகிறது. சிவசமுத்திரத்தில் காவிரித் தண்ணீரில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி 1902இல் வந்து சேர்ந்த ஊர் இது. பெங்களூரில் தெருவிளக்கு எரிய அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஆனது. அன்று சுரங்கத்தில் ஒரு மோட்டார் நின்றால் எலக்ட்ரீஷியன் முதலில் மெக்கரை, அதாவது இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரை, கையில் எடுப்பார். கேபிளில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார். அதன் பிறகுதான் மோட்டாரின் மேல் கை வைப்பார். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருவில், ஒரு காரைப் பற்றி மட்டும் மீட்டர் இல்லாமல் தீர்ப்புச் சொல்கிறோம். எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: அந்தப் பெட்டி வைத்திருக்கும் பையனை நமக்குப் பிடிப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்குச் சன்னல் கண்ணாடி அதிர அவன் தெருவைக் கடக்கிறான். பேட்டரி இறங்கினால் அவனுக்கு நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. கோபம் நியாயமாகவே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு பழுது கண்டுபிடிக்க முடியாது.

வூஃபருக்கும் பேட்டரிக்கும் நடுவே நேரடி ஒயர் ஒன்றுகூடக் கிடையாது. வூஃபர் என்பது ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு கூம்பு. ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், அனுப்பினால் அசையும், அனுப்பாவிட்டால் மரப்பெட்டிக்குள் சும்மா கிடக்கும். பெட்டி எவ்வளவு பெரியதோ அவ்வளவு குடிக்கும் என்று கண் சொல்வதை நம்பித்தான் இந்தப் பழியே பிறக்கிறது. பேட்டரியோடு பேசுவது ஆம்ப். அதிலிருந்து தொடங்குவோம்.

ஆம்பின் மேல் 1000 வாட்ஸ் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து எல்லோரும் மிரள்கிறார்கள். ஸ்டிக்கரை விட்டுவிட்டு ஃபியூஸைப் பார்க்க வேண்டும். 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஆம்ப், 13.8 வோல்ட்டில், தொடர்ச்சியாக 414 வாட்டுக்கு மேல் உள்ளே இழுக்க முடியாது. உள்ளே போனதிலும் கிளாஸ் ஏபி வகையாக இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும், மீதி சூடாகிப் போகும். மிச்சமுள்ள வாட்ஸெல்லாம் ஸ்டிக்கர் அச்சடித்தவர் கொடுத்த அன்பளிப்பு. அந்த 30 ஆம்பியரும் எப்போதும் ஓடுவதில்லை. டிரம் அடி விழும் கணத்தில் மேலே போகும், அடுத்த கணமே இறங்கிவிடும். சத்தமாகவே கேட்டாலும் சராசரி என்பது உச்சத்தில் எட்டில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கும். அதாவது 4 முதல் 10 ஆம்பியர்.

ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110, 120 வாட். அதுவும் 8, 9 ஆம்பியர்தான். பங்காரப்பேட்டையிலிருந்து ராத்திரி ஹெட்லைட் போட்டுக்கொண்டு வந்ததால் பேட்டரி போய்விட்டது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? இன்ஜின் ஓடும்போது டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், சின்னக் கார்களில்கூட 60 ஆம்பியர் அளவில் கொடுக்கக்கூடியது. ஹெட்லைட், புளோயர், ரேடியேட்டர் ஃபேன், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, பாட்டுக்கும் கொடுத்துவிட்டு, பேட்டரியையும் நிரப்பிவிடும். ஒரு வூஃபரும் நாலு ஸ்பீக்கரும் உள்ள சாதாரண செட்டுக்கு இந்தக் கணக்கு தாராளம்.

அப்படியானால் ஓடும் காரில் பாட்டுக் கேட்டதால் பேட்டரி இறங்கவில்லை. நிற்கும் காரில் எது ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

இந்த ஊரில் அது முக்கியமான கேள்வி. 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட பிறகு வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயிலேறி, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் கார் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பொருள். திங்கள் முதல் சனி வரை லைன் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். சிலர் ஸ்டேஷன் வரை ஓட்டிப் போய் நிறுத்துகிறார்கள், மொத்தம் இரண்டு மூன்று கிலோமீட்டர். தினமும் 40 கிலோமீட்டர் ஓடும் காரில் வெளியே தெரியாத சின்னக் கசிவு, இந்தக் கார்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பலமாகிவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். சின்ன ஹேட்ச்பேக்குகளில் வருவது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், அலாரம், இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு என்று எந்தக் காரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். 20 முதல் 50 மில்லிஆம்பியர் வரை எடுத்தால் குற்றமில்லை. 50 என்றே வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, ஆறு நாளில் 7.2. ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும், வண்டி முதல் செல்ஃபிலேயே எடுக்கும். அதே கசிவு 300 மில்லிஆம்பியராக இருந்தால் அந்த 7.2 ஆம்பியர்-மணி ஒரே நாளில் போய்விடும். ஐந்தாவது நாள் பேட்டரியில் ஒன்றும் இருக்காது. உண்மையில் அவ்வளவு நாள்கூடத் தாங்காது. பாதிக்குக் கீழே இறங்கிய பழைய பேட்டரி மூன்றாம் நாளே டிக் டிக் என்று சத்தம் மட்டும் போடும். ஆம்ப் முழுவதும் அணையாமல் விழித்தே கிடந்தால், பாட்டே இல்லாமல், அது ஒரு ஆம்பியர் அளவுக்கு எடுக்கக்கூடும். அப்படியென்றால் ஒன்றரை நாள்.

இதற்கு எதிரே வரவு என்ன? ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ ஓட்டம். அந்த நேரத்தில் பேட்டரிக்குள் 15 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்தாலும் 2.5 ஆம்பியர்-மணிதான் ஏறும். நாளொன்றுக்கு 7.2 செலவழிக்கும் வீட்டில் 2.5 வரவு. "தினமும் காலையில பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடு" என்று சொல்லும் அறிவுரை இதைவிட மோசம். இன்ஜின் சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைக் கொடுப்பதில்லை. பெட்ரோல் எரிகிறது, பேட்டரி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எங்கே கசிகிறது என்பது அடுத்தது. இங்கேதான் பழியின் ஒரு பகுதி நியாயமாகிறது, ஆனால் போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு. வெளியில் வாங்கும் ஸ்டீரியோவின் பின்னால் வரும் ஒயர்களில் மஞ்சள் எப்போதும் பேட்டரி கரெண்ட் இருக்க வேண்டியது, நினைவுக்காக. சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் கரெண்ட் வர வேண்டியது. கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்புக்குப் போகும் ரிமோட் ஒயர்: ஸ்டீரியோ எழுந்தால் ஆம்பை எழுப்பும், தூங்கினால் தூங்க வைக்கும். ஏற்பாடு இவ்வளவுதான். பல வண்டிகளில் ஃபிட்டர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றி, நேராகப் பேட்டரி லைனில் கொடுத்துவிடுகிறார். சாவியோடு வரும் லைனைத் தேட நேரமில்லை என்பது ஒரு காரணம். வண்டிக்காரரே "சாவி இல்லாம பாட்டுக் கேக்கணும்" என்று கேட்பது இன்னொன்று. இரண்டாவது காரணம்தான் அதிகம் என்பது என் எண்ணம். அன்று முதல் ஸ்டீரியோவுக்குச் சாவி எடுத்த சேதியே தெரியாது. பட்டனை அழுத்தித் திரையை அணைத்தாலும் உள்ளே அது விழித்திருக்கும், பல வண்டிகளில் ஆம்பையும் விழிக்க வைத்திருக்கும்.

ரிமோட் ஒயர் விஷயத்தில் இன்னும் எளிதான தவறு நடக்கிறது. கம்பெனியில் வந்த ஸ்டீரியோவையே வைத்துக்கொண்டு ஆம்ப் மட்டும் சேர்க்கும்போது, அந்த ஸ்டீரியோவில் ரிமோட் ஒயர் இருக்காது. ஃபியூஸ் பாக்ஸில் ஒரு இடத்திலிருந்து கரெண்ட் எடுக்க வேண்டும். அந்த ஃபியூஸ் சாவியை எடுத்தால் அணைவதா, எப்போதும் உயிரோடு இருப்பதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது அரை நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் கிடைத்த ஃபியூஸில் செருகினால் ஆம்புக்கு ராத்திரியே கிடையாது. ரிமோட் ஒயரே வேண்டாம், ஸ்பீக்கர் ஒயரில் வரும் சிக்னலைப் பார்த்துத் தானே விழித்துக்கொள்ளும் என்று விற்கப்படும் ஆம்ப்களும் உண்டு. சில ஸ்டீரியோக்கள் அணைந்த பிறகும் அந்த ஒயரில் கொஞ்சம் வோல்ட்டேஜை விட்டுவைக்கும். ஆம்ப் அதைப் பாட்டு என்று நம்பி உட்கார்ந்திருக்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்கள் தனி ரகம். சாவியைத் திருப்பிய உடனே திரை வர வேண்டும் என்பதற்காக அவற்றில் பல முழுமையாக அணைவதே இல்லை, போனைப் போல உறங்குகின்றன. எவ்வளவு நேரம் உறங்கிவிட்டு அணைய வேண்டும் என்பதற்கு அமைப்புகளுக்குள் ஒரு தேர்வு இருக்கும். வாங்கியவர் பார்த்திருக்க மாட்டார், போட்டவர் சொல்லியிருக்க மாட்டார்.

இதற்கெல்லாம் எளிய சோதனை ஒன்று உண்டு, காசு கூட வேண்டாம். காலையில் காரைத் திறந்ததும், சாவி போடும் முன், ஆம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், தங்கவயல் மார்கழிக் குளிரில், ஆம்ப் இளஞ்சூடாக இருந்தால் அது தூங்கவில்லை. பக்கத்தில் சின்ன விளக்கு எரிகிறதா என்பதையும் பார்க்கலாம்.

கை குளிர்ந்தால்? அப்போதும் பழியை ஆம்ப் மேலேயே போடுகிறவர்களைத்தான் எனக்குப் புரிவதில்லை. பெட்டியை உள்ளே தள்ளியபோது டிக்கி விளக்கின் சுவிட்ச் இடம் மாறியிருக்கலாம். 5 வாட் பல்பு ஒன்று மூடிய டிக்கிக்குள் எரிந்துகொண்டே இருந்தால் கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர், மேலே சொன்ன 300 மில்லிஆம்பியர் கசிவைவிட அதிகம். டேஷ் கேமரா நிறுத்திய பிறகும் படம் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஜிபிஎஸ் கருவி, சிகரெட் லைட்டரில் செருகியே விட்ட சார்ஜர், ஒட்டிக்கொண்ட ஹாரன் ரிலே, ஆல்டர்னேட்டருக்குள் பழுதான டயோடு, இவற்றில் எதற்கும் இசையோடு உறவு இல்லை. டயோடு பழுதானால் பேட்டரி கரெண்ட் பின்பக்கமாக ஆல்டர்னேட்டருக்குள்ளேயே கசியும். செட்டைக் கழற்றி வீட்டில் வைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்காது. அப்போது, "செட் போட்டதால ஒயரிங்கே கெட்டுப்போச்சு" என்று தீர்ப்பைத் திருத்தி எழுதுவார்கள்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். முதலில் வோல்ட்டேஜ்: வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8க்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை. ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் எண் பொய் சொல்லும். பிறகு இன்ஜினை ஓட விட்டு அதே டெர்மினலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் 13.8க்கும் 14.5க்கும் நடுவே இருக்கும். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால், கசிவைத் தேடும் முன் பேட்டரியின் வயதைக் கேட்க வேண்டும். நாலு வருஷம் ஓடிய பேட்டரிக்கு யாரும் சதி செய்யத் தேவையில்லை.

கசிவைப் பார்க்க: நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணைக்க வேண்டும். சாவி வெளியே, கதவுகள் மூடி. பானெட் பூட்டையும் டிக்கி பூட்டையும் ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் விளக்கு எரிவதைத்தான் அளப்போம். மீட்டர் இடையில் இருக்கும்போது சாவியைத் தொடவே கூடாது. செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போகும். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். நம் ஆட்கள் தவறவிடுவது இந்த அரை மணியைத்தான். கார் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும்வரை மீட்டர் பெரிய எண்ணைக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா, ஒரு ஆம்பியர் போவுது" என்று முடிவு கட்டினால் நல்ல வண்டியையும் குற்றவாளி ஆக்கலாம். பொறுத்த பிறகும் எண் 50 மில்லிஆம்பியரைத் தாண்டி நின்றால், முதலில் ஆம்புக்குப் போகும் தடித்த ஒயரின் ஃபியூஸைக் கழற்றுங்கள். எண் சரிந்தால் பழி சரி. சரியாவிட்டால் ஃபியூஸ் பாக்ஸில் ஒவ்வொன்றாக. எந்த ஃபியூஸைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த லைனில் திருடன் இருக்கிறான்.

ஃபியூஸைக் கழற்றினால் தூங்கிய கம்ப்யூட்டர் மறுபடி எழுந்துவிடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் கழற்றாமலே, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்க்கலாம். கரெண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம், ஓடுவதில் சின்னதாக ஒரு எண். இதைத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கெப்பாசிட்டருக்கு வருவோம். டிக்கியில் நீல வெளிச்சத்தோடு வோல்ட்டேஜ் காட்டும் அந்த உருளையை விற்பதைப் போலச் சுலபமான வியாபாரம் கிடையாது. 1 ஃபாரட் கெப்பாசிட்டரை 14.4 வோல்ட்டில் நிரப்பினால் அதில் இருப்பது சுமார் 104 ஜூல். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய 15 லட்சம் ஜூல். 414 வாட் இழுக்கும் ஆம்புக்கு அந்தக் கெப்பாசிட்டர், வோல்ட்டேஜ் 12.4க்கு இறங்கும்வரை, ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் சோறு போடும். டிரம் அடியில் ஹெட்லைட் மினுக்குவதைக் கொஞ்சம் மென்மையாக்கும், அதுவும் ஒயரிங் ஒழுங்காக இருந்தால். பேட்டரி இறங்குவதோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த நீல எண்கள் அணையாத மாடலாக இருந்தால் அதுவே இன்னொரு கசிவு.

பெரிய பேட்டரி போடும் யோசனை கெப்பாசிட்டரைவிட நம்பும்படியாக இருக்கிறது, அதனாலேயே அதிகம் கெடுக்கிறது. 300 மில்லிஆம்பியர் கசியும் வண்டியில் 35ஐ எடுத்துவிட்டு 65 போட்டால், ஐந்து நாள் ஒன்பது நாளாகும். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கும். பார்த்தாயா சரியாகிவிட்டது என்போம். ஆனால் ஒவ்வொரு வாரமும் பேட்டரி பாதிக்கு மேல் இறங்கி, ஒரு மணி நேர ஓட்டத்தில் அரைகுறையாக ஏறி, மறுபடி இறங்கும். ஏறாமல் கிடக்கும் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகும். இறுகியது பிறகு கரையாது. கொள்ளளவு மாதம் மாதமாகக் குறையும்.

இந்த ஊரில் கேப் லேம்ப் கட்டிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடுப்பில் தொங்கும் அந்த விளக்கின் பேட்டரி ஒரு ஷிஃப்ட் முழுக்க மெதுவாக இறங்குவதற்கென்றே செய்தது. ஏறி வந்ததும் சார்ஜில் போட்டு நிரப்புவார்கள். கார் பேட்டரியின் பிறவி வேறு. இரண்டு நொடி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அதன் தகடுகள் மெல்லியவை. அதை வாராவாரம் காலியாக்கினால் அது சாவதற்குச் சில மாதங்கள் போதும். அப்போது கடைக்காரர், "அந்த செட்டுக்கு இதுவும் பத்தல" என்று இன்னும் பெரியதைக் காட்டுவார்.

நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிட்டு ரயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு அது சரி. வாராவாரம் செய்தால் கடிகாரமும் ஸ்டீரியோவின் நினைவும் அழியும், பல கார்களில் இன்ஜின் ஐடிலிங் கற்றுக்கொண்டதும் அழியும். கசிவு அங்கேயேதான் இருக்கும்.

எதிர்க்கட்சிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். இன்ஜினை நிறுத்திவிட்டு டிக்கியைத் திறந்து வைத்து, கிரிக்கெட் மைதானத்தில் நாலு மணி நேரம் பாட்டுப் போட்டால் 20 ஆம்பியர்-மணிக்கு மேல் போகும், பேட்டரி இறங்கும். கிறிஸ்துமஸ் இரவில் பாட்டுக்காக வண்டியைப் பந்தலாக்குகிறவர்களுக்கும் இதுவே. போட்டிக்கென்று நாலு வூஃபரும் மூன்று ஆம்பும் ஏற்றிய வண்டிகளில் கம்பெனி ஆல்டர்னேட்டர் போதாது, இரண்டாவது பேட்டரியும் பெரிய ஆல்டர்னேட்டரும் வேண்டும். அவற்றை நான் வாதாடிக் காப்பாற்றவில்லை. ஸ்கெலட்டனில் அப்படிப்பட்ட வண்டி எத்தனை இருக்கும்? இளையராஜாவின் பேஸ் கிதார் கொஞ்சம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு வூஃபர் போட்டவர்கள்தான் திட்டு வாங்குகிறார்கள்.

ஒயர் தடிமனைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் மலிவு பார்ப்பவர்கள் அதிகம். சிவசமுத்திரத்திலிருந்து வந்த மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தித்தான் அனுப்பினார்கள். வோல்ட்டேஜ் கூடினால் அதே பவருக்குக் கரெண்ட் குறையும், கரெண்ட் குறைந்தால் கம்பியில் போகும் நஷ்டமும் குறையும். காரில் நமக்கு அந்த வசதி இல்லை. 12 வோல்ட்டில் 400 வாட் வேண்டுமென்றால் 33 ஆம்பியர் ஓடித்தான் ஆக வேண்டும். ஆகவே பானெட்டிலிருந்து டிக்கிவரை ஒயர் தடிப்பாகவும், முழுச் செம்பாகவும் இருக்க வேண்டும். செம்புப் பூச்சுள்ள அலுமினிய ஒயர் மேலே அதே நிறம், உள்ளே பாதி வேலை. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாத பாசிட்டிவ் ஒயர், பேட்டரி இறங்குவதைவிடப் பெரிய ஆபத்து. எங்காவது தகட்டில் உராய்ந்து ஷார்ட் ஆனால் வண்டியே எரியும். மெல்லிய ஒயரும் பெயின்ட் சுரண்டாமல் அடித்த எர்த்தும் வோல்ட்டேஜைத் தின்னும். சத்தம் கூட்டும்போது ஆம்ப் விட்டுவிட்டு அணையும். அதைப் பார்த்தும் பேட்டரி வீக் என்றே சொல்வார்கள்.

புதிய கார்களில் இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று அது எண்ணித்தான் ஆல்டர்னேட்டரைக் கூட்டவும் குறைக்கவும் சொல்கிறது. இவற்றில் ஓடும்போது வோல்ட்டேஜ் 14க்குக் கீழே இறங்குவது பழுதல்ல. பழைய பழக்கத்தில் ஃபிட்டர் ஆம்பின் எர்த்தை நேராக நெகட்டிவ் டெர்மினலின் தலையில் போட்டால், அந்தக் கரெண்ட் சென்சாரைத் தாண்டிப் போய்விடும். ஆம்ப் எடுத்தது கணக்கிலேயே வராது. பேட்டரி நிறைந்திருப்பதாக நம்பி வண்டி சார்ஜைக் குறைக்கும். இங்கே எர்த் பாடியில்தான் போட வேண்டும். ஒயரை வெட்டாமல் கப்ளர் போட்டு இணைத்தால் வாரண்டிச் சண்டையும் பாதி குறையும்.

செட் போடும் கடைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். வேலை தொடங்கும் முன் சாவி எடுத்து அரை மணி கழித்து அளந்த கரெண்ட், வேலை முடிந்த பின் அதே மாதிரி அளந்த கரெண்ட், இரண்டு எண்களையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். முன்னால் 25, பின்னால் 30 மில்லிஆம்பியர் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்காதபோது பேட்டரிக் கடையிலும் சர்வீஸ் சென்டரிலும் அந்தப் பில்லை நீட்டலாம். முன்னால் 25, பின்னால் 400 என்றால், வண்டி உங்கள் கடையைவிட்டு வெளியே போகும் முன்பே மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் பிரித்துவிடுங்கள்.